சர்வர் வேலைக்கு ஏன் மூன்று நாள்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

கம்பம், கூடலூரில் இருக்கும் நீங்களும், மலைக்கு மேலே குமுளி, வண்டன்மேடு பக்கம் ஏலக்காய்க் கடை வைத்திருக்கும் நீங்களும் அந்த வாட்ஸ்அப் செய்தியைப் பார்த்திருப்பீர்கள். அரை மணி நேரத்தில் போடுகிற ஓ.எஸ்.ஸுக்கு (கம்ப்யூட்டரை இயக்கும் அடிப்படை மென்பொருள்), ஒரு கடையின் கணக்கெல்லாம் இருக்கும் சர்வர் கம்ப்யூட்டரை நாங்கள் மூன்று நாள் வைத்திருந்து, கடைசியில் கணக்கையும் அழித்துவிட்டோமாம். மூன்று நாள் வைத்திருந்தது உண்மைதான். அழித்தோம் என்பதைத்தான் மனசு ஏற்க மாட்டேன் என்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன். அந்த சர்வரில் இருந்தது விண்டோஸ் சர்வர் 2012 ஆர்2. 2023 அக்டோபரோடு அதற்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டதால் அந்தக் கடைக்காரர்கள் புதிய ஓ.எஸ். கேட்டார்கள். உள்ளே ரெய்டு 1 முறையில், அதாவது ஒரே தகவல் இரண்டிலும் இருக்கும்படி, இரண்டு ஹார்டு டிஸ்க். ஒன்று எப்போதோ செத்திருந்தது. மற்றொன்று தனியாக ஓடிக்கொண்டிருந்ததால் கடையில் யாருக்கும் தெரியவில்லை. அந்த இன்னொன்றிலும் படிக்க முடியாத இடங்கள் நிறைய இருப்பதை வந்த அன்றே, டிஸ்க் தன் நிலைமையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் பார்த்துக் குறித்து வைத்தோம். நகல் எடுத்துக்கொண்டிருக்கும்போதே அதுவும் நின்றது. அதுவரை ஓ.எஸ். பென்டிரைவை நாங்கள் செருகவே இல்லை. ஒரு ஃபைலைக்கூட அழிக்கவில்லை.

"டி டிரைவில் பேக்கப் இருக்கு" என்று சொல்லியிருந்தார்கள். சி டிரைவும் டி டிரைவும் ஒரே டிஸ்கின் இரண்டு அறைகள்தான். வீடு இடிந்தால் இரண்டும் போகும். நல்லவேளையாக, டிஸ்க் நிற்கும் முன்பே அந்தப் பழைய பேக்கப் நகலில் வந்துவிட்டது. அதற்குப் பிந்தைய ஐந்து வாரக் கணக்கு கிடைக்கவில்லை. பேப்பர் பில்களை வாங்கிவந்து, இரண்டு இரவு உட்கார்ந்து டாலி கணக்கு மென்பொருளில் அடித்துக் கொடுத்தோம். அதற்குக் காசு வாங்கவில்லை.

எங்கள் தவறும் ஒன்று உண்டு. டிஸ்கின் நிலைமையை அந்தக் கடை முதலாளியிடமே சொல்லிவிட்டு நகலைத் தொடங்கியிருக்க வேண்டும். அவர்கள் சர்வரை ஜீப்பில் கொண்டுவந்த பையனிடம் சொன்னதோடு விட்டுவிட்டோம். அதற்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, மூன்று நாள் எதற்கு? ஓ.எஸ். போடுவது கடைசி வேலை. அதற்கு முன் டிஸ்கைத் தயார் செய்வதில்தான் நேரம் போகிறது. 4 டெராபைட் டிஸ்கை நொடிக்கு 150 எம்.பி. வேகத்தில் ஒருமுறை முழுக்கப் படிக்கவே ஏழு மணி நேரத்துக்கு மேல் ஆகும். எடுத்த நகலை வேறொரு கம்ப்யூட்டரில் திறந்து, லெட்ஜர் வருகிறதா என்று பார்க்காமல் நாங்கள் அதை பேக்கப் என்று ஒப்புக்கொள்வதில்லை. பிறகு பழைய ரெய்டு அடையாளங்களையும், டிஸ்க் எப்படிப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்று சொல்லும் பார்ட்டிஷன் பட்டியலையும் துடைக்க வேண்டும். ஜிபிடி என்ற புதிய பிரிப்பு முறையில் அந்தப் பட்டியலின் நகல் டிஸ்கின் கடைசியிலும் இருக்கும். முன்பக்கத்தை மட்டும் துடைத்தால் பழசு மறுபடி தலைகாட்டும். பழைய எம்பிஆர் முறையிலேயே பிரித்தால், வழக்கமான டிஸ்கில் 2 டெராபைட்டுக்கு மேல் உள்ள இடத்தைப் பயன்படுத்த முடியாது. 4 டெராபைட்டுக்குக் காசு கொடுத்துப் பாதி வீணாகும். அப்புறம் புது டிஸ்காகவே இருந்தாலும் முழுக்க ஒருமுறை எழுதிப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் போடுகிறோம். சீசன் நேரத்தில் பில்லிங் நின்றால் உங்களுக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் இவ்வளவும் பார்க்கிறோம்.

ஒன்பது வருடம் நம் கடையில் வேலை பார்த்த தம்பி எர்ணாகுளத்தில் நல்ல வேலை கிடைத்துப் போயிருக்கிறார். மலையில் மழை என்றும் பார்க்காமல் உங்கள் கடைகளுக்கு ஏறி வந்தவர். அவர் இடத்தில் இப்போது நானே இருக்கிறேன். இந்தச் செய்தி பரவிய வாரத்திலும், "நீங்க பாத்துச் செய்யுங்க அண்ணாச்சி" என்று சர்வரை இறக்கிவிட்டுப் போனவர்களை மறக்க மாட்டேன். அடுத்த மாதம் முதல் சர்வர் வேலைக்குக் கூலி 2,500-இலிருந்து 3,200 ரூபாய் ஆகிறது, சனிக்கிழமை சர்வர் எடுப்பதில்லை. மற்றபடி எல்லாம் பழையபடிதான்.

இனி டிஸ்கின் நிலைமையை எழுதிக் காட்டி, முதலாளியின் கையெழுத்து வாங்கிய பிறகே எதையும் தொடுவோம். வரும்போது அட்மின் பாஸ்வேர்டையும் டாலி லைசென்ஸ் விவரத்தையும் எடுத்து வாருங்கள். டிஸ்குகளை மட்டும் கழற்றிக் கொண்டுவருவதாக இருந்தால் எது முதல் ஸ்லாட், எது இரண்டாவது என்று பேனாவால் எழுதிவிடுங்கள்.

நன்றியுடன்,
கடை உரிமையாளர், கம்பம்