குலசைக்கு ரயில் இருந்தது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளம் பற்றிய கட்டுரையைப் படித்தேன். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியதிலிருந்து எங்கள் பக்கம் எல்லாம் ராக்கெட் பேச்சுதான். கட்டுரையில் குலசையை ‘ரயிலையே பார்க்காத ஊர்’ என்று எழுதியிருந்தீர்கள். எங்கள் ஆச்சி இருந்திருந்தால் பத்திரிகையைத் தூக்கி எறிந்திருப்பாள்.

குலசைக்கு ரயில் இருந்தது ஐயா. திருச்செந்தூரில் புறப்பட்டு, குலசை, உடன்குடி வழியாகத் திசையன்விளை வரை போகும். குலசையில் அப்போது பாரி கம்பெனியின் சர்க்கரை ஆலை இருந்தது. பனைவெல்லத்திலிருந்து சர்க்கரை எடுப்பார்கள். அந்த ஆலைக்காகப் போட்ட பாதையில் ஆட்களையும் ஏற்றினார்கள். தண்டவாளத்தின் அகலம் 2 அடி. ஊட்டி மலை ரயிலுக்கே ஒரு மீட்டர். நம்முடையது டார்ஜிலிங் பொம்மை ரயிலின் அளவு. 1923இல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குப் பெரிய ரயில் வருவதற்கு முன்பே இந்தக் குட்டி ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1940இல் நிறுத்திவிட்டார்கள்.

ஆச்சிக்குச் சொந்த ஊர் திசையன்விளை. எட்டு வயதில் வைகாசி விசாகத்துக்கு அவள் அப்பா இந்த ரயிலில் திருச்செந்தூர் கூட்டிப் போனாராம். பெட்டிக்குள் எதிரில் இருப்பவரின் முழங்கால் இவள் முழங்காலில் இடிக்குமாம். இவள் கையில் பனையோலைப் பட்டையில் பதநீர். வண்டி ஒரு குலுக்குக் குலுக்கியதில் பட்டை கவிழ்ந்து, எதிர் ஆளின் கோடி வேட்டியெல்லாம் பதநீர். அவர் திட்டவில்லை. “முருகனுக்கு முன்னாடி எனக்கு அபிஷேகம் ஆயிட்டு” என்றாராம். இந்த இடம் வந்ததும் ஆச்சி கதையை நிறுத்திச் சிரித்துவிட்டுத்தான் மேலே சொல்வாள். அப்புறம் திருச்செந்தூர் வரை அந்த மனிதரை ஈ மொய்த்ததைச் சொல்வாள்.

எழுபதுகளில் அவளோடு நான் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்குக் கரி இன்ஜின் ரயிலில் போயிருக்கிறேன். ஜன்னலில் தலையை நீட்டிக் கண்ணில் கரித்தூள் வாங்கி அழுவது என் வாடிக்கை. முந்தானையைச் சுருட்டி, வாயால் ஊதி, கண்ணில் ஒற்றிக்கொண்டே ஆச்சி சொல்வாள்: “இதெல்லாம் ஒரு ரயிலால? கிடந்து ஆடவே மாட்டேங்கு!” அவள் ரயிலின் தண்டவாளம் எவ்வளவு அகலம் என்று கேட்டால், பூ அளப்பதுபோல் கையை நீட்டி, “ஒரு முழமும் கொஞ்சமும்” என்பாள். குழந்தைக்குக் கதை சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். 2 அடி என்று பிற்பாடு படித்தபோது ஸ்கேல் வைத்துப் பார்த்தேன். ஆச்சி கணக்கு சரிதான்.

1986இல் மாவட்டத்தைப் பிரித்தபோது குலசையும் உடன்குடியும் தூத்துக்குடிக்குப் போயின. திசையன்விளை திருநெல்வேலியிலேயே நின்றுவிட்டது. அதனால்தானோ என்னவோ, இரண்டு பக்கத்தாரும் இந்த ரயிலைச் சொந்தம் கொண்டாடுவதில்லை. தசராவுக்கு லட்சக்கணக்கில் கூட்டம் வரும் ஊரில் இதைப் பற்றி ஒரு பலகை வைத்தால் என்ன குறைந்துவிடும்?

திருச்செந்தூரிலிருந்து கன்னியாகுமரிக்குக் கடலோரமாக ரயில் வேண்டும் என்று வெகுநாளாகக் கேட்டு வருகிறோம். அதை இனி ‘புதிய ரயில்’ கோரிக்கை என்று எழுதாதீர்கள். திசையன்விளை வரைக்குமாவது, போனதைத்தான் திருப்பிக் கேட்கிறோம்.

1940இல் ஆறு வயதாக இருந்தவருக்கு இப்போது தொண்ணூறு தாண்டியிருக்கும். ராக்கெட் செய்திக்காக உங்கள் நிருபர் அடுத்த முறை உடன்குடிப் பக்கம் போகும்போது, திண்ணையில் இருக்கும் வயசாளிகளிடம் இதையும் கேட்டு வரச் சொல்லுங்கள். சீக்கிரம் போகச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகன்,
பாளையங்கோட்டை.