கொள்முதல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: கருவியைச் சோதித்த பிறகு விலையுறையைத் திறவுங்கள்

மதிப்பிற்குரிய கொள்முதல் குழுத் தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும்,

வணக்கம்.

எங்கள் செவிப்புலன் ஆய்வகத்துக்கான ஆடியோ இன்டர்ஃபேஸை (கணினியிலிருந்து ஒலியை வெளியே அனுப்பவும் உள்ளே பதியவும் உதவும் கருவியை) வாங்கும் கோப்பு எப்படி முடிந்தது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். நாங்கள் கேட்டது எட்டு அனலாக் வெளியீடுகள் கொண்ட ஆர்எம்இ ஃபயர்ஃபேஸ் யுசிஎக்ஸ் II. எங்களுக்குக் கிடைத்ததோ இரண்டே வெளியீடுகள் உள்ள கருவி. 24 பிட், 192 கிலோஹெர்ட்ஸ், யுஎஸ்பி என்ற மூன்றும் பொருந்தியதால் அது ‘இணையானது’ என்று ஏற்கப்பட்டு, எல்-1 விலைக்கு, அதாவது வந்தவற்றுள் மிகக் குறைந்த விலைக்கு, வாங்கப்பட்டது.

அது இணையானது அன்று. இரு காதுகளுக்கும் ஒலி கொடுத்து, மூளைத்தண்டில் எழும் மின் துலங்கலை நாங்கள் பதிவு செய்கிறோம். ஒலி தொடங்கிய 10 மில்லிவினாடிக்குள் அத்துலங்கல் முடிந்துவிடும். நாங்கள் தேடும் ஐந்தாம் அலை ஏறத்தாழ ஆறாவது மில்லிவினாடியில் வரும். அதன் உயரம் பெரும்பாலும் ஒரு மைக்ரோவோல்ட்டைக்கூட எட்டாது என்பதால், 2000 கிளிக் ஒலிகள் வரை கேட்கச் செய்து சராசரி எடுத்தால்தான் அலை கண்ணுக்குத் தெரியும். இதற்கு ஒவ்வொரு கிளிக்கும் தொடங்கிய கணத்தைப் பதிவுக் கருவிக்குச் சொல்லும் டிரிகர், ஒலி புறப்படும் அதே இன்டர்ஃபேஸின் மூன்றாவது வெளியீட்டிலிருந்து, அதே கடிகாரத்தின்படி புறப்பட வேண்டும். மூன்றாவது வெளியீடே இல்லாததால் டிரிகரைக் கணினியின் வேறொரு வழியாக அனுப்ப நேர்ந்தது. மின் அலைகளைத் திரையில் கோடுகளாகக் காட்டும் ஆசிலோஸ்கோப்பில் இரண்டையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் பார்த்தபோது, டிரிகர் கோடு நின்ற இடத்திலேயே நிற்க, ஒலியின் கோடு ஒவ்வொரு முறையும் சில மில்லிவினாடிகள் முன்னும் பின்னுமாக விழுந்தது. அத்தகைய பதிவுகளைச் சராசரி எடுத்தால் முகடும் பள்ளமும் ஒன்றையொன்று அழித்துவிடும். நன்றாகக் காது கேட்பவரின் பதிவும் தட்டையாகிவிடும்.

வெளியூரிலிருந்து பேருந்தில் வந்து, நெற்றியிலும் காதோரத்திலும் மின்முனைகளை ஒட்டிக்கொண்டு அசையாமல் படுத்திருந்த முதியவர்களின் பதிவுகள் இப்படித்தான் வீணாயின. அவர்களைத் தொலைபேசியில் அழைத்து, “மறுபடியும் ஒருமுறை வர வேண்டும் ஐயா” என்று சொல்லும் பொறுப்பு எங்கள் ஆய்வு மாணவியின் தலையில் விழுந்தது. அந்தக் கூச்சத்தை அவர் அனுபவிக்க வேண்டியதே இல்லை.

இக்கருவியின் குறை அதோடு முடியவில்லை. முன்பக்கத் திருகில் கை பட்டாலே ஒலி அளவு மாறிவிடுவதால், கப்ளர் (செவிக்குழாய்க்குப் பதிலாக வைத்து ஒலியை அளக்க உதவும் சாதனம்) வைத்து அளந்து உறுதி செய்த டெசிபல் கணக்கு பயனற்றுப் போகிறது. திருகின்மேல் ஒட்டுநாடா ஒட்டி வைத்திருக்கிறோம். பயிற்சி பெற்ற மனிதக் காது இரு காதுகளுக்கிடையே 10 மைக்ரோவினாடி வேறுபாட்டைக்கூட உணரவல்லது. வினாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள் செல்லும் 48 கிலோஹெர்ட்ஸில் ஒரு மாதிரிக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியே சுமார் 21 மைக்ரோவினாடி. இரு தடங்களுக்கிடையே ஒரே ஒரு மாதிரி பிசகினாலும் எங்கள் அளவீடு பொய்யாகும். இவற்றில் எதையும் விளம்பரத்தாளில் உள்ள எண்கள் காட்டுவதில்லை. வெளியீட்டையே உள்ளீட்டில் இணைத்துப் பார்க்கும் லூப்பேக் சோதனை ஒரு முற்பகலில் காட்டிவிடும்.

ஆகவே நாங்கள் கேட்பது ஒன்றே: ஆய்வகச் சோதனையில் தேறிய கருவிகளின் விலையுறையை மட்டும் திறவுங்கள். பொது நிதி விதிகள் 2017, தொழில்நுட்ப விவரத்தையும் விலையையும் தனித்தனி உறைகளில் பெறும் இரு உறை முறைக்கு இடம் தருகின்றன. விதிவிலக்கு எதையும் நாங்கள் கோரவில்லை. மார்ச் 31க்குள் நிதியைச் செலவிட்டாக வேண்டும் என்று கடைசி வாரத்தில் காட்டப்படும் அவசரத்தில் ஒரு பங்கு, கோரிக்கை வந்த மாதத்திலேயே காட்டப்பட்டிருந்தால் இந்தச் சோதனைக்கு நேரம் தாராளமாக இருந்திருக்கும். மற்றத் துறைகளும் இதையே சொல்லிச் சலித்துவிட்டன.

சற்றுக் கடுமையாக எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். அடுத்த கூட்டத்துக்கு முன் தங்களில் ஒருவரேனும் ஆய்வகத்துக்கு வந்து அந்த ஆசிலோஸ்கோப்பைப் பார்க்க வேண்டும். சோதித்த பின்னரே விலையுறை திறக்கப்படும் என்பதை அடுத்த ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பிலேயே எழுத்தில் சேர்க்க வேண்டும் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செவிப்புலன் ஆய்வகத்தின் ஆராய்ச்சியாளர் ஒருவர்