பெற்றோருக்கு: வீதி விபத்தும் நட்டஈடும்

அன்பான பெற்றோருக்கு,

நம் பிள்ளைகளில் கனபேர் ஏ9 வீதியைக் கடந்துதான் பள்ளிக்கூடம் வருகிறார்கள். மாங்குளத்துக்கும் முறிகண்டிக்கும் இடையில் வீதி நீளத்துக்கு நேராய்க் கிடக்கிறது, வாகனங்கள் பறக்கின்றன. பஸ்ஸால் இறங்கிய பிள்ளைகள் அதே பஸ்ஸின் முன்பக்கத்தால் குறுக்கே ஓடுவதை வாசலில் நின்று பார்க்கும்போது நெஞ்சு பதறுகிறது. பஸ்ஸை முந்திவரும் டிப்பர் சாரதிக்குப் பிள்ளை கடைசி நேரம்வரை தெரியாது. பஸ் போனபிறகு கடக்கும்படி வீட்டிலும் சொல்லுங்கள்.

சரி, அதையும் மீறி ஒன்று நடந்துவிட்டால்? "பிள்ளைதானே குறுக்கே ஓடினது" என்று ஊர் சொல்லும். அந்த ஒரு பேச்சோடு தாய்தகப்பன் வாயடைத்துப் போகிறார்கள். அப்புறம் வாகனக்காரர் வார்ட்டுக்கே வந்து, மருந்துச் செலவுக்கென்று கொஞ்சக் காசைக் கையில் வைத்து, இனி ஒரு பிரச்சினையும் இல்லையென்று கடதாசியில் கையெழுத்துக் கேட்பார். தயவுசெய்து அந்த நேரத்தில் எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள்.

1968ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டப்படி, பாதிக்கப்பட்டவரிலும் பிழை இருந்தால் அந்தப் பங்குக்கு நட்டஈடு குறையுமே தவிர, வழக்கு விழுந்துபோகாது. இழப்பு 10 இலட்சம், நடந்து போனவரில் 30 வீதம் பிழை என்று நீதிமன்றம் கண்டால், 7 இலட்சம் கிடைக்க வேண்டும். பாடசாலைக்கு முன்னால் வேகத்தைக் குறைக்காத சாரதியின் கவனயீனம், பிள்ளை ஓடியதால் இல்லாமல் போவதில்லை. சின்னப் பிள்ளையிடம் பெரியவரின் நிதானத்தை எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் சாரதியில் பிழையே இல்லையென்றால் நட்டஈடும் இல்லை. சாட்சி முக்கியம் என்பது அதனால்தான்.

ஆகவே உடனே பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். வாகன இலக்கத்தையும், பார்த்து நின்றவர்களின் பெயரையும் எழுதி வையுங்கள். டயர் இழுபட்ட தடத்தை ஃபோனில் படமெடுங்கள், ஒரு மழை போதும் அது அழிய. வைத்தியசாலைத் துண்டு ஒன்றையும் எறியாதீர்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி, அதாவது வாகனத்தால் பாதிக்கப்படும் மற்றவருக்கு நட்டஈடு கொடுக்கும் காப்புறுதி, வாகனங்களுக்குக் கட்டாயம் என்பதால், சாரதியிடம் காசில்லை என்று நினைத்து விட்டுவிட வேண்டியதில்லை. வழக்கை 2 வருடத்துக்குள் போட வேண்டும். சட்டத்தரணிக்குக் கொடுக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவிடம் போகலாம்.

பள்ளிக்கூடம் விடும் நேரம் வாசலில் நின்று பிள்ளைகளை வீதி மாற்றிவிட, ஒரு நாளைக்கு இரண்டு பெற்றோர் வேண்டும். வரக்கூடியவர்கள் வகுப்பாசிரியரிடம் பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
அதிபர்