முப்பது பேருக்கும், தாள் ஒட்டியவர்களுக்கும் நன்றி

அன்புடையீர்,

எங்கள் சின்டெக்ரிட்டி கலந்துரையாடலில் உட்கார்ந்து பேசிய முப்பது பேருக்கும், பேசாமல் வேலை பார்த்த நெறியாளர்களுக்கும் குறிப்பெடுத்தவர்களுக்கும் இந்த மடல்.

சைபர்நெட்டிக்ஸ் (கட்டுப்பாடும் தகவல் தொடர்பும் பற்றிய இயல்) துறையின் பிரிட்டிஷ் அறிஞர் ஸ்டாஃபர்ட் பீர் 1994-இல் நூலாக விவரித்த சின்டெக்ரிட்டி என்ற குழு உரையாடல் முறைக்கு எண்ணிக்கைதான் உயிர். அதன் அச்சு இருபது முக்கோணங்களால் ஆன உருவம்: 12 முனை, 30 விளிம்பு. முனை ஒரு தலைப்பு, விளிம்பு ஓர் ஆள். முனைக்கு ஐந்து விளிம்பு என்பதால் தலைப்புக்கு ஐந்து பேர், ஆளுக்கு இரண்டு தலைப்பு. ஒருவர் கிளம்பிப் போனால் இரண்டு குழுக்களில் ஆள் குறைவதோடு நிற்காது. அந்த இரண்டு தலைப்புகளுக்கும் நடுவே இருந்த ஒரே நேர்வழியும் அறுந்துபோகும். கடைசிவரை எல்லோரும் இருந்தீர்கள். முதல் நன்றி அதற்கே.

அட்டவணை போட்டவர்களுக்கு அடுத்தது. எதிரெதிர் முனைகளுக்குப் பொதுவான ஆள் கிடையாது. ஆகவே இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் கூடலாம்: பத்துப் பேர் பேச, பத்துப் பேர் விமர்சகர்கள், பத்துப் பேருக்கு ஓய்வு. ஆறு அமர்வில் ஒரு சுற்று முடியும். மூன்று சுற்று வீண் என்று முணுமுணுத்தவர்கள் உண்டு. எதிர் முனை மூன்று விளிம்பு தள்ளி இருக்கிறது. முதல் சுற்றில் ஒரு கருத்து பக்கத்து முனையைத்தான் தொடும். அது ஊரைச் சுற்றி, உருமாறி, சொன்னவரிடமே திரும்பி வர மூன்றாவது சுற்று ஆகிவிடுகிறது.

விமர்சகர்களின் வேலைதான் கடினம். கூப்பிடும்வரை வாய் திறக்கக் கூடாது. சொன்னதற்குக் குழுவும் அங்கேயே பதில் சொல்லக் கூடாது. சொன்னால் பட்டிமன்றம் ஆகிவிடும், தலைப்பு நகராது. சில இடங்களில் ஆகத்தான் செய்தது. மணி அடித்து நிறுத்திய நெறியாளர்கள் வாழ்க!

குறிப்பெடுத்தவர்கள் இன்னொரு சைபர்நெட்டிக்ஸ் அறிஞரான கார்டன் பாஸ்க் சொன்ன 'திருப்பிக் கற்பித்தலை' விடாமல் செய்தார்கள். கேட்டதைத் தம் சொற்களில் சொல்லி, "இதுதானே?" என்று கேட்க வேண்டும். கேட்டபடியே ஒப்பித்தால் நினைவாற்றல்தான் தெரியும், புரிந்ததா என்பது தெரியாது. "இல்லை, அப்படிச் சொல்லவில்லை" என்று குழு மறுத்த தாள்களையும் கிழிக்காமல் தேதியிட்டு ஒட்டினீர்களே, அதற்குத் தனி நன்றி. எந்தச் சொல்லில் இடறினோம் என்று அவற்றில்தான் தெரிகிறது.

மூன்றாம் சுற்றுத் தாள்கள் தட்டச்சாகின்றன. உங்கள் இரண்டு தலைப்புகளின் தாள்களும் உங்களுக்கு வரும். நீங்கள் சொல்லாதது ஏதும் இருந்தால் சிவப்பு மையில் அடித்து அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒருங்கிணைப்புக் குழுவினர்