பாம்புக் காது: சித்திக்கு ஒரு மன்னிப்புக் கடிதம்

அன்புள்ள சித்தி,

நீங்களும் பெரியம்மாவும் ஏதோ கிசுகிசுத்துக்கொண்டிருந்ததை அடுத்த அறையிலிருந்து கேட்டுவிட்டு நான் நடுவில் மூக்கை நுழைத்தேனே, ஞாபகம் இருக்கிறதா? "உனக்குப் பாம்புக் காதுடா" என்றீர்கள். அப்போது ஏழாம் வகுப்பு அறிவாளி நான். "பாம்புக்கு ஏது சித்தி காது? அது செவிடு" என்று எல்லோர் முன்னாலும் உங்களைத் திருத்தினேன். நீங்கள் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டீர்கள். இத்தனை வருடம் கழித்து அதற்கு மன்னிப்புக் கேட்கிறேன். முழு மன்னிப்பு இல்லை, முக்கால்தான். மீதிக் கால் ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

காது மடல் இல்லை, துளை இல்லை, செவிப்பறையும் இல்லை. அதுவரை நான் சொன்னது சரி. ஆனால் மண்டைக்குள் உட்செவி இருக்கிறது. அதில் ஒரு முனை பதிந்தபடி மெல்லிய குச்சி போல ஒரு சிறு எலும்பு. அதன் மறுமுனை, கீழ்த்தாடை தொங்கும் எலும்போடு சேர்ந்திருக்கிறது. ஆக, நமக்குச் செவிப்பறை செய்யும் வேலையில் பெரும்பங்கைப் பாம்புக்குத் தாடை செய்கிறது. தாடையைத் தரையில் வைத்துப் படுத்திருக்கும்போது பக்கத்தில் ஓர் எலி ஓடினால் போதும், மண்ணின் அதிர்வு எலும்பு வழியாக ஏறி உட்செவிக்குப் போய்விடும்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. பாம்பின் கீழ்த்தாடை நம்முடையதைப் போல ஒரே துண்டு இல்லை. இடது பாதியும் வலது பாதியும் முன்பக்கம் எலும்பாக ஒட்டாமல் தனித்தனியாக அசையும். தன் தலையைவிடப் பெரிய இரையை விழுங்குவதற்கான ஏற்பாடு அது. ஆனால் இடப்பக்கமிருந்து வரும் அதிர்வு இடப் பாதியை ஒரு கணம் முன்னால் தொடும் அல்லவா? 2008இல் மூன்று ஆய்வாளர்கள் பாலைவனக் கொம்பு விரியனை மனத்தில் வைத்து இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். தாடையின் ஒவ்வொரு பாதியும் தண்ணீரில் படகு ஆடுவதுபோல மணலின் அதிர்வலையில் ஆடுகிறது. இரண்டுக்கும் உள்ள நேர வித்தியாசத்தை வைத்தே இரை எந்தத் திசையில் இருக்கிறது என்று பாம்பால் அறிய முடியும் என்றது அந்தக் கணக்கு. விழுங்குவதற்கு வந்த வசதி, கேட்பதற்கும் கைகொடுக்கிறது.

"சரி, அதெல்லாம் தரை அதிர்வு. காற்றில் வரும் சத்தம்?" என்று கேட்பீர்கள். அதுவும் கேட்கும் சித்தி. 1969லேயே ஹார்ட்லைன், கேம்ப்பெல் என்ற இருவர் பாம்பு மூளையில் மின் சமிக்ஞைகளைப் பதிந்து, காற்றுவழி ஒலிக்கும் அது பதில் தருகிறது என்று காட்டிவிட்டார்கள். உட்செவி மட்டுமல்ல, உடம்பின் தொடு உணர்வும் அதிர்வை வாங்கிக்கொள்கிறது. 2012இல் பந்து மலைப்பாம்புகளை வைத்து நடந்த ஆய்வு இன்னும் தெளிவானது: காற்றில் வரும் ஒலி மண்டையோட்டையே அதிரவைக்கிறது, பாம்பு கேட்பது அந்த அதிர்வைத்தான். அதற்கு நன்றாகக் கேட்பது 80 முதல் 160 ஹெர்ட்ஸ் வரை, அதாவது நொடிக்கு அத்தனை அதிர்வுகள். நம் காது 20இலிருந்து 20,000 வரை போகும். ஆண்குரலின் அடித்தொனி, அதாவது குரல் நாண்கள் அதிரும் வேகம், பெரும்பாலும் பாம்பின் அந்தச் சின்ன ஜன்னலுக்குள் வரும், பெண்குரல் பொதுவாகக் கொஞ்சம் மேலே. சித்தப்பாவின் கட்டைக் குரல் பாம்புக்கு நன்றாகவே கேட்கும் என்று நினைக்கிறேன், அவர் கத்தினால்.

கேட்டு என்ன செய்யும்? ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 19 பாம்புகளுக்கு ஒலி போட்டுப் பார்த்து, 2023இல் முடிவை வெளியிட்டார்கள். வோமா என்ற வகை மலைப்பாம்புகள் ஒலியை நோக்கி நகர்ந்தன. தைப்பான், பழுப்புப் பாம்பு போன்ற விஷப் பாம்புகள் விலகிப் போகவே பார்த்தன. பகலில் வேட்டையாடும் பறவைகளுக்குத் தைப்பான் பயந்தாக வேண்டும். பெரிய மலைப்பாம்புக்கு அந்தக் கவலை குறைவு. ஒரே சத்தம், ஆளுக்கொரு பதில்.

மகுடிக்குப் பாம்பு மயங்குவதில்லை, குழலின் அசைவைத்தான் கண்ணால் தொடர்கிறது என்பது உங்களுக்கே தெரியும். கண்ணையே செவியாகக் கொண்டது என்று நம் முன்னோர் அதற்குக் கட்செவி எனப் பெயர் வைத்ததும் அதனால்தானோ என்னவோ. (பிற்பாடு அந்தப் பெயர் வாட்ஸ்அப்புக்குப் போய் 'கட்செவி அஞ்சல்' ஆனது தனிக்கதை.)

இனி அந்தக் கால் பங்கு. கிசுகிசுக்கும்போது குரல் நாண்கள் அதிர்வதில்லை. மூச்சுதான் உரசுகிறது, அடித்தொனி என்று ஒன்று இருப்பதே இல்லை. பாம்புக்கு எந்தத் தாழ்ந்த ஒலி தேவையோ, அதுதான் கிசுகிசுப்பில் கிடையாது. நீங்கள் இருவரும் அன்று பேசியதை ஒரு பாம்பு கேட்டிருக்கவே முடியாது சித்தி. நான் கேட்டேன், ஒரு சொல் விடாமல். என்ன கேட்டேன் என்பதை இங்கே எழுதவில்லை, சித்தப்பா இதைப் படிப்பார்.

அன்புடன்,
உங்கள் பாம்புக் காதன்