வார்டில் படுத்திருப்பவர் ராத்திரி தூங்கினாரா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனைகளைப் பற்றி உங்கள் இதழில் நிறைய வருகிறது. புதுக் கட்டடம், புதுக் கருவி, மருந்துத் தட்டுப்பாடு, கூட்ட நெரிசல் என்று எல்லாவற்றையும் எழுதுகிறீர்கள். வார்டில் படுத்திருப்பவர் ராத்திரி தூங்கினாரா என்று மட்டும் யாரும் எழுதி நான் படித்ததில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் அரசு மருத்துவமனைகளில் 33 ஆண்டுகள் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். போன ஐப்பசியில் என் வீட்டுக்காரர் கொல்லைப்புறத்தில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்துவிட்டது. ஒரு தனியார் மருத்துவமனையில் ஆபரேஷன் நடந்தது. ஒன்பது ராத்திரி அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுத்திருந்தேன். அத்தனை வருஷமும் வார்டை நின்றபடியே பார்த்தவள் நான். படுத்துக்கொண்டு பார்த்தால் அது எப்படி இருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

முதல் ராத்திரியை அப்படியே சொல்கிறேன். பத்தரை மணிக்கு மருந்து ட்ராலி வந்தது. ஒரு சக்கரம் கிறீச் கிறீச்சென்று வார்டு முழுக்கக் கத்திக்கொண்டே போனது. பன்னிரண்டுக்கு எதிர்க் கட்டில்காரருக்கு ஊசி. அந்த ஒரு ஊசிக்காகச் சுவிட்சைப் போட்டால் எட்டு டியூப் லைட்டும் சேர்ந்து எரிந்தன. ஒரு மணிக்கு மேல் நர்ஸிங் ஸ்டேஷனில் போன் அடித்துக்கொண்டே இருந்தது. இரண்டு மணிக்கு பிபி. மூன்று மணிக்கு டெம்பரேச்சர். நாலரைக்கு வாளி, துடைப்பம். ஐந்துக்கு ரத்தம் எடுக்க வந்துவிட்டார்கள். இவர் கண்ணை மூடுவதும் திறப்பதுமாகவே விடிந்தது. டியூட்டியில் இருந்த பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. இரண்டே பேர், இருபத்தாறு நோயாளிகள். நானும் இப்படித்தான் ஓடியிருக்கிறேன், இதே விளக்குகளை இதேபோலப் போட்டிருக்கிறேன்.

இரண்டாம் ராத்திரி இவருக்குக் குழப்பம் வந்துவிட்டது. வயது 74. வாழ்நாளெல்லாம் வயல்வேலை பார்த்தவர். "மோட்டாரை நிறுத்தணும், தண்ணி வரப்பத் தாண்டிப் போவுது" என்று டிரிப்ஸ் குழாயைப் பிடுங்கப் போனார். என்னையே யாரென்று கேட்டார். முழங்காலை மடக்கி இறங்கப் பார்த்தவரை இரண்டு பேர் அழுத்திப் பிடித்தார்கள். கையைக் கட்டிலோடு கட்டிவிடலாம் என்று ஒருவர் பேண்டேஜ் துணியோடு வந்தும் விட்டார்.

அப்போது இன்னொரு நர்ஸ் பெண் வந்தாள். இருபத்து நாலு, இருபத்தைந்து வயசுதான் இருக்கும். பிடித்திருந்தவர்களைக் கையை எடுக்கச் சொன்னாள். தலைக்கு மேலிருந்த விளக்கை அணைத்துவிட்டு வராந்தா வெளிச்சத்தை மட்டும் விட்டாள். "ஐயாவுக்குக் கண்ணாடி உண்டாம்மா?" என்று கேட்டாள். பைக்குள் கிடந்த கண்ணாடியை எடுத்துக் கொடுத்தேன், மாட்டிவிட்டாள். ஸ்டூலை இழுத்துப் போட்டு, அவர் முகத்துக்கு நேராக உட்கார்ந்து, மெதுவாகப் பேசினாள். "ஐயா, இது ஆஸ்பத்திரி. உங்களுக்கு இடுப்புல ஆபரேஷன் முடிஞ்சிருக்கு. இன்னிக்கு புதன்கிழமை. அம்மா இங்கதான் இருக்காங்க. மோட்டாரப் பத்தி காலையில உங்க பையன்கிட்ட கேப்போம்." பேசிக்கொண்டே அடிவயிற்றில் கை வைத்துப் பார்த்தாள். போர்வையை விலக்கினாள். மூத்திரக் குழாய் தொடைக்கு அடியில் மடங்கிக் கிடந்தது! நிமிர்த்திவிட்டதும் பை நிறைய ஆரம்பித்தது. அரை மணி நேரத்தில் இவர் அடங்கித் தூங்கிவிட்டார். கட்டுத் துணி வந்த வழியே திரும்பிப் போனது.

இந்தக் குழப்பத்தை டெலிரியம் என்பார்கள். ஆபரேஷனுக்குப் பிறகு வயதானவர்களுக்கு, அதிலும் இடுப்பு எலும்பு முறிந்தவர்களுக்கு, இது அடிக்கடி வரும். வீட்டார் பைத்தியம் பிடித்துவிட்டதென்று பயந்து அழுவார்கள். தூக்கம் கெடுவது, வலி, மூத்திரம் அடைபடுவது, மலச்சிக்கல், உடம்பில் நீர் வற்றுவது, கிருமித் தொற்று, சில மருந்துகள் என்று காரணம் பல. கண்ணாடியும் காதுக் கருவியும் இல்லாமல் போவதுகூட இதைக் கூட்டும். பகலா இரவா என்றே தெரியாத ஐசியூவில் இன்னும் மோசம். கையைக் கட்டினால் பயமும் முரண்டும் அதிகமாகும். கண்ணில் படும் இடத்தில் ஒரு கடிகாரம், ஒரு காலண்டர், பகலில் ஜன்னல் வெளிச்சம், ராத்திரி இருட்டு, தெரிந்த முகம் ஒன்று. இவற்றை மருந்துச் சீட்டில் யாரும் எழுதித் தருவதில்லை. செய்தால் நர்ஸ்தான் செய்ய வேண்டும்.

தூக்கத்தைப் பற்றிய இந்தக் கவலை புதிதல்ல. நவீன நர்ஸிங்குக்கு வழிகாட்டிய ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 160 ஆண்டுகளுக்கும் முன் நர்ஸிங் பற்றி எழுதியபோதே சத்தத்துக்கென்று தனி அத்தியாயம் ஒதுக்கினார். சாவிக்கொத்தின் ஓசை, செருப்பின் கிறீச்சொலி, அறைக்குள் குசுகுசுவென்று பேசுவது என எல்லாவற்றையும் கண்டித்திருக்கிறார். முதல் தூக்கத்தில் எழுப்பப்பட்ட நோயாளிக்கு அப்புறம் தூக்கமே வராது என்பதும் அவர் சொன்னதுதான். 1999-இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட வழிகாட்டுதல், ராத்திரியில் வார்டுக்குள் சராசரிச் சத்தம் 30 டெசிபலைத் தாண்டக்கூடாது என்கிறது. நாம் சாதாரணமாகப் பேசும் பேச்சே 60 டெசிபல் அளவுக்கு வரும். நம் நாட்டில் 2000-இல் வந்த ஒலி மாசு விதிகளின்படி, மருத்துவமனையைச் சுற்றி 100 மீட்டருக்குக் குறையாத இடத்தை அமைதிப் பகுதியாக அரசு அறிவிக்கலாம். அங்கே ராத்திரி வரம்பு 40 டெசிபல். தெருவில் ஹாரன் அடிப்பவரை நோக்கி போர்டு வைத்திருக்கிறோம். உள்ளே நாமே போடும் சத்தத்துக்கு யார் போர்டு வைப்பது?

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ட்ராலி சக்கரத்துக்குத் தையல் மிஷின் எண்ணெய் நாலு சொட்டு போதும். நான் என் லாக்கரில் ஒரு சீசா வைத்திருந்தேன். இரண்டு மணிக்கு பிபி, மூன்று மணிக்கு டெம்பரேச்சர் என்று தனித்தனியாக எழுப்பாமல், பிபி, டெம்பரேச்சர், மருந்து, திருப்பிப் படுக்க வைப்பது எல்லாவற்றையும் ஒரே தடவையில் முடிக்கலாம். நிலைமை நன்றாக இருப்பவரை நடுராத்திரி எழுப்பத்தான் வேண்டுமா என்று மாலை ரவுண்ட்ஸிலேயே டாக்டரிடம் கேட்டுக் கேஸ் ஷீட்டில் எழுதி வாங்கிவிடலாம். கேட்டால் பெரும்பாலான டாக்டர்கள் மறுக்க மாட்டார்கள். மானிட்டர் அலறுவது பல நேரம் நெஞ்சில் ஒட்டிய வயர் கழன்றதால்தான். தினமும் அந்த வயரை ஒட்டும் பட்டையை மாற்றி, அலாரம் வரம்பை அந்த நோயாளிக்கு ஏற்றபடி டாக்டரைக் கேட்டு வைத்தால் பாதிக் கூச்சல் குறையும். இது நர்ஸுக்கும் நல்லது. எந்நேரமும் கத்தும் அலாரம் நாளடைவில் காதில் ஏறாது, உண்மையான ஆபத்து அதற்குள் மறைந்துபோகும்.

உடன் இருப்பவர்களின் செல்போன் பெரிய தொல்லை. அதட்டினால் சண்டை வரும். "பக்கத்துல தாத்தாவுக்கு இப்பத்தான் கண்ணசந்துது" என்று கிட்டே போய்ச் சொன்னால் அணைத்துவிடுவார்கள். எனக்குத் தெரிந்து இது பலிக்காமல் போனதே இல்லை.

நான் வேலை பார்த்த பெண்கள் வார்டில் ஜன்னலோரம் ஒரு புங்கமரம் இருந்தது. அந்தக் கட்டில் காலியானால் எல்லாரும் அதைத்தான் கேட்பார்கள். காற்றுக்காக என்று நினைத்திருந்தேன். பிறகுதான் ரோஜர் உல்ரிச் என்பவர் 1984-இல் வெளியிட்ட ஆய்வைப் பற்றிப் படித்தேன். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் உள்ள மருத்துவமனை ஒன்றில் பித்தப்பை ஆபரேஷன் ஆன 46 பேரின் பதிவேடுகளை அவர் பார்த்திருக்கிறார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தவர்கள், செங்கல் சுவர் மட்டும் தெரிந்தவர்களைவிடச் சீக்கிரம் வீடு திரும்பியிருக்கிறார்கள். கடுமையான வலி மருந்தும் குறைவாகவே கேட்டிருக்கிறார்கள். அதன்பிறகு, எழுந்து நடக்க முடியாதவர்களை முடிந்தவரை அந்த ஜன்னல் பக்கம் திருப்பிப் போடுவதை வழக்கமாக்கிக்கொண்டேன்.

சொல்லக் கஷ்டமான ஒன்றும் உண்டு. ராத்திரி வார்டில் ஒருவர் இறந்துபோனால் ஸ்கிரீனை இழுத்துவிட்டு, உடம்பைத் தயார் செய்து, பேப்பர் வேலை முடித்து, உறவுக்காரர்களைத் தேற்றி அனுப்பவே நேரம் சரியாகிவிடும். பக்கத்துக் கட்டில்களை யாரும் நினைப்பதில்லை. அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு, ஒரு சத்தம் விடாமல் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார்கள். ஒரு தடவை ஒரு பாட்டி என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்தது நானாம்மா?" என்று கேட்டார். அன்றிலிருந்து அப்படிப்பட்ட ராத்திரிகளில் எல்லாம் முடிந்த பிறகு இந்தப் பக்கம் இரண்டு கட்டில், அந்தப் பக்கம் இரண்டு கட்டில் போய், பேர் சொல்லிக் கூப்பிட்டு, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டு, கையைத் தொட்டுவிட்டு வருவேன். ஐந்து நிமிஷம்தான். அந்த ஐந்து நிமிஷமும் கிடைக்காத ராத்திரிகளே அதிகம். நாற்பது கட்டிலுக்கு இரண்டு பேர் என்றால் கையைத் தொட எங்கே நேரம்? அன்பாக இருங்கள், பொறுமையாக இருங்கள் என்று நர்ஸ்களுக்கு மேடைதோறும் சொல்பவர்கள், முதலில் காலிப் பணியிடங்களை நிரப்பட்டும். ஒப்பந்தத்தில் வருஷக்கணக்காக ஓடிக்கொண்டிருக்கும் பிள்ளைகளை நிரந்தரம் ஆக்கட்டும்.

இன்னொரு வேண்டுகோள். மாவட்டந்தோறும் புதுக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருக்கின்றன. பிளானை முடிவு செய்வதற்கு முன் நைட் டியூட்டி பார்க்கும் ஒரு நர்ஸை உட்கார வைத்துக் காட்டுங்கள். சுவிட்ச் எங்கே வேண்டும், எந்தக் கட்டிலிலிருந்து ஜன்னல் தெரியும், வாளி வைக்கும் அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று அவள் சொல்லிவிடுவாள். எட்டு டியூப் லைட்டுக்கு ஒரு சுவிட்ச் வேண்டாம். கட்டிலுக்கு ஒன்றாகத் தலைமாட்டில் ஒரு சின்ன விளக்கு, நோயாளியின் கை எட்டும் இடத்தில் வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர்,
தஞ்சாவூர் மாவட்டம்.