பச்சையில் சிவப்பு வேண்டாம்

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்கு ஒரு கண்ணில் புரை எடுத்தாயிற்று என்று எழுதியிருந்தாய். நிம்மதி. இன்னொரு கண்ணையும் தள்ளிப்போடாமல் முடித்துவிடு.

செடி நர்சரிக்கு நீ போட்ட இணையதளத்தைப் பார்த்தேன். பச்சைப் பின்னணியில் சிவப்பில் விலை எழுதியிருக்கிறாயே, அதை முதலில் மாற்று. இரண்டும் எதிரெதிர் நிறம்தானே என்று தோன்றும். ஆனால் சின்ன எழுத்தின் விளிம்பைக் கண் பிடிப்பது பெரும்பாலும் வெளிச்ச வித்தியாசத்தை வைத்துத்தான். உன் பச்சையும் (0, 128, 0) சிவப்பும் (255, 0, 0) ஏறக்குறைய ஒரே வெளிச்சம் (அடைப்புக்குள் இருப்பவை சிவப்பு, பச்சை, நீலம் எவ்வளவு என்ற எண்கள், 0 முதல் 255 வரை). கான்ட்ராஸ்ட் விகிதம், அதாவது எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள வெளிச்ச விகிதம், 1.28 தான் வருகிறது. சாதாரண எழுத்துக்குக் குறைந்தது 4.5, 24 பிக்சலும் அதற்கு மேலும் உள்ள எழுத்துக்கு 3 என்பது டபிள்யூசிஏஜி (எல்லோரும் படிக்கும்படி இணையதளம் அமைப்பதற்கான சர்வதேச வழிகாட்டி) விதி. அதே பச்சையில் வெள்ளை எழுத்து வைத்தால் 5.1.

ஆரஞ்சு பட்டனில் (255, 165, 0) வெள்ளை எழுத்து இன்னொரு தப்பு. விகிதம் 2கூட இல்லை. கறுப்பு வைத்தால் 10.6! வெளிச்சக் கணக்கில் பச்சையின் பங்கு 0.7152, சிவப்புக்கு 0.2126, நீலத்துக்கு வெறும் 0.0722. ஆரஞ்சுக்குள் பச்சை நிறைய இருப்பதால் நாம் நினைப்பதைவிட வெளிச்சமான நிறம் அது. ஒன்று நினைவில் வை: எந்தப் பின்னணியானாலும் கறுப்பு, வெள்ளை இரண்டில் ஒன்று 4.5-ஐத் தாண்டியே தீரும்.

முகப்புப் படத்தில் வானம் வரும் இடத்தில் வெள்ளை எழுத்து கரைந்துபோகிறது. படத்தின் மேல் அடியில் உள்ளது மங்கலாகத் தெரியும் கறுப்புப் படலம் ஒன்று போடு. அதன் அடர்த்தி 50 சதவீதம் போதாது. படத்தில் சுத்த வெள்ளை இருக்கும் இடத்தில் 3.95-தான் கிடைக்கும். 60 வைத்தால் 5.7.

வெள்ளையில் சாம்பல் எழுத்துக்கு #767676 என்ற நிறக் குறியீடுதான் எல்லை (விகிதம் 4.54). #777777 போனாலே 4.48, தேறாது. தமிழுக்கு அந்த எல்லையில் நிற்காதே என்பேன். ண, ஞ, லூ போன்றவற்றின் சுழிகள் சின்ன அளவில் அடைபட்டுவிடும். விலைப்பட்டியலுக்கு விகிதம் 7 வை.

குரோமில் எழுத்தின் மேல் வலது கிளிக், இன்ஸ்பெக்ட். திறக்கும் பலகையில் color என்ற வரியில் இருக்கும் சின்ன நிறக் கட்டத்தைத் தொட்டால் விகிதம் தெரியும். படத்தின் மேல் இருக்கும் எழுத்துக்கு அதை நம்பாதே. அங்கே மிக வெளிச்சமான புள்ளியின் நிறத்தை எடுத்து நீயே கணக்கிட வேண்டும்.

மாற்றி முடித்ததும் போனை அம்மாவிடம் கொடு. புரை எடுக்காத கண்ணால் மல்லிகைக் கன்று என்ன விலை என்று வாசிக்கச் சொல். என்ன சொன்னார்கள் என்று எழுது.

அன்புடன்,
பாலு